கார்மனா வனத்தின் நெடுமரங்கள்

கனடா நாட்டின் மேற்குக் கோடியில், பசிபிக் பெருங்கடலின் அலைகள் ஓயாது மோதும் வான்கூவர் தீவு அமைந்துள்ளது. பரப்பளவில் இலங்கையில் ஏறத்தாழப் பாதி எனலாம். அதன் தென்முனையில் உள்ள விக்டோரியா நகரில் என் மகன் பணிபுரிகிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தை அவனது இல்லத்தில் கழிக்கும் வாய்ப்பு எனக்கும் என் துணைவியாருக்கும் கிட்டியது.

விக்டோரியா அழகிய நகரம். துறைமுகத்தை நோக்கி நிற்கும் பாராளுமன்றக் கட்டடமும், புச்சார்ட் பூங்காவின் மலர்ப் பாத்திகளும் காண்போர் கண்ணைக் கவர்வன. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நான் எழுத எண்ணியது அங்கிருந்து நெடுந்தொலைவில், பெட்ரோல் நிலையமோ தொலைபேசித் தொடர்போ இல்லாத ஒரு மழைக்காட்டைப் பற்றி. முப்பத்தோர் ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பித்தவன் நான். கார்மனா பள்ளத்தாக்கின் மரங்களில் நடந்த ஓர் ஆய்வினைப் பற்றி 2019ஆம் ஆண்டிலேயே படித்திருந்தேன். தீவில் கால் வைத்த மறுநாளே, "அந்த மரங்களைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை விடியலில் ஐவரும் புறப்பட்டோம். மகன் காரை ஓட்ட, நான் அவனருகில் அமர்ந்தேன். பின்னிருக்கையில் என் துணைவியாரும், மருமகளும், நான்கு வயதுப் பேரனும். எங்கள் ஊர் வழக்கப்படி பாட்டனாராகிய என்னை 'அப்பா' என்றும், தந்தையை 'வாப்பா' என்றும் அழைப்பவன் அவன். வழி நெடுக அவன் ஒருவனே பேசிக்கொண்டு வந்தான். மருமகள் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆயினும் கேட்டதற்கு விடை என்ற அளவிற்கு மேல் அவள் என்னோடு பேசி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மாலஹாட் மலைப்பாதை ஏறி இறங்கினால் டங்கன் என்னும் சிற்றூர். அங்கிருந்து மேற்கே திரும்பி கவிச்சன் ஏரியைக் கடந்ததும் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அப்பால் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகச் சரளைக்கல் பாதைதான். அது மக்களுக்காகப் போட்ட பாதையன்று. வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லும் பாரவண்டிகளுக்காகப் போட்டது. மலைவளைவில் எதிரே அத்தகைய வண்டியொன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தால், நாம்தாம் ஒதுங்கி நிற்க வேண்டும். இருபுறமும் சவரம் செய்த தலைபோல மொட்டையான மலைச்சரிவுகள். அடுத்த சரிவில் ஒரே உயரம், ஒரே வயதுடைய கன்றுகள் பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றன. நட்டு வளர்ப்பதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அந்த வரிசையைக் கண்டபோது என் மனம் நிறையவில்லை.

கார்மனா பள்ளத்தாக்கும் இவ்வாறு மொட்டையாகி இருக்க வேண்டியதே. டிடிடாட் என்னும் பூர்வகுடி மக்களின் மூதாதையர் வாழ்ந்த நிலம் இது. 1988இல் ராண்டி ஸ்டோல்ட்மன் என்ற இளைஞர் இங்கு வந்து, கனடாவிலேயே மிக உயரமான மரங்கள் வெட்டுக்குக் காத்திருப்பதைக் கண்டு வெளியுலகிற்குச் சொன்னார். தொண்டர்கள் நடைபாதை அமைத்தனர், ஓவியர்கள் வந்து மரங்களைத் தீட்டினர், செய்தித்தாள்கள் எழுதின. 1990இல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி மாகாணப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மேற்பகுதியும் அண்டையிலுள்ள வால்பிரன் பகுதியும் சேர்ந்து, இன்று 16,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட வனம் காப்பில் உள்ளது. ஸ்டோல்ட்மன் அந்த முழுமையைக் காணவில்லை. 1994இல் பனிமலையில் சறுக்கிச் சென்றபோது பனிச்சரிவில் சிக்கி மாண்டார். ஓடைக்கரையில் ஒரு மரத்தோப்பு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காரை மேட்டில் நிறுத்திவிட்டுப் பள்ளத்தாக்கினுள் இறங்கினோம். இறங்க இறங்க வெளிச்சம் பச்சையாகிறது. கிளை, பாறை, விழுந்த மரம் என எதையும் விடாமல் பாசி போர்த்தியிருக்கிறது. தீவின் இந்த மேற்குக் கரையில் பல இடங்களில் ஆண்டிற்கு 3 மீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பெய்யாத நாளிலும் கடற்பனி வந்து நனைத்துவிட்டுப் போகிறது. காலடி ஓசைகூட எழாத அளவிற்குத் தரை மெத்தென்றிருந்தது. ஓயாது பேசிவந்த பேரனும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். யாரும் சொல்லித்தரவில்லை.

அடிவாரத்தில், கார்மனா ஓடையின் வண்டல் மண்ணில் நிற்கின்றன சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள். பைன் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம் இது. பட்டை ஆமையோட்டுச் சில்லுகள்போல உரிந்து நிற்கும். ஊசியிலையோ பெயருக்கேற்பக் கையைக் குத்தும். நிமிர்ந்து பார்த்தால் உச்சி தெரிவதில்லை. நாகூர் தர்காவின் பெரிய மனாராவின் உயரம் 131 அடி என்பது வாசகர்கள் அறிந்ததே. இங்குள்ள பெருமரங்கள் பலவும் அதன் இருமடங்கை நெருங்குவன. 'கார்மனா அரக்கன்' எனப் பெயர் பெற்ற மரமோ 96 மீட்டர், அதாவது 315 அடி. அதனருகே செல்லப் பாதை விடவில்லை. அதுவும் நல்லதே, காண வருவோர் காலடியிலேயே வேர் நசுங்கிய மரங்கள் உலகில் உண்டு.

'மூன்று சகோதரிகள்' எனப்படும் மரக்கூட்டத்தின் அருகே அமர்ந்து, மருமகள் கட்டிவந்த இடியாப்பத்தையும் கறியையும் உண்டோம். உண்டபின் மகன் கேட்டான்: "வாப்பா, நமக்கு அண்ணாந்து பார்க்க மட்டுந்தானே முடிகிறது. அந்த ஆய்வில் அப்படி என்ன கண்டார்கள்?"

வகுப்பறையை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆனவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? நான் எழுந்து நின்றே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். வாசகர்களும் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

மரம் வளர்வது கட்டடம் எழும்புவதைப் போன்றது; மனிதன் வளர்வதைப் போன்றதன்று. ஒரு மரத்தில் நம் மார்பளவு உயரத்தில் ஓர் ஆணி அடித்தால், நூறு ஆண்டு கழித்தும் அது அதே மார்பளவில்தான் இருக்கும். தண்டு பருக்கும், ஆனால் அடிமரம் மேலே ஏறுவதில்லை. உயர்வதெல்லாம் நுனியில். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஆக்குத்திசு என்ற சிறு செல்கூட்டம் பிரிந்து பிரிந்து, தனக்குக் கீழே புதிய தண்டை விட்டுவிட்டு மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஒரு முதுமரத்தின் அடிப்பட்டை, அது ஆளுயரக் கன்றாக நின்ற காலத்தில் பிரிந்த செல்களின் வழித்தோன்றல். உச்சியிலுள்ள ஊசியிலையோ, அதன்பின் பல நூற்றாண்டுகள் பயணம் செய்து மேலே வந்த செல்களின் வழித்தோன்றல். இரண்டிற்கும் மூலம் ஒரே விதைதான். ஆயினும் அவை ஒன்றையொன்று பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று.

செல் பிரியும்போதெல்லாம் அதனுள்ளிருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபு ஏட்டைப் படியெடுக்க வேண்டும். நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு அது. மனிதனின் ஏட்டில் 300 கோடி எழுத்துகள். இந்த ஸ்ப்ரூஸ் மரத்தின் ஏட்டிலோ ஏறத்தாழ 2,000 கோடி! ஓலைச்சுவடியைப் படியெடுத்த ஏடெழுதுவோரிடம் பிழை நேர்ந்ததுபோல இங்கும் நேரும். படியெடுக்காத வேளையிலும் வெயிலின் புற ஊதாக் கதிரும், செல்லுக்குள்ளேயே நிகழும் வேதியியல் சிதைவும் எழுத்தைக் கெடுக்கும. செல்லினுள் பிழை திருத்துவோரும் உண்டு. மிகத் திறமையாகத் திருத்துவர். அவர்கள் கண்ணுக்கும் தப்பி நிலைத்துவிடும் பிழையையே சடுதிமாற்றம் என்கிறோம். ஆக்குத்திசுவின் செல்லொன்றில் அது நேர்ந்து நிலைத்துவிட்டால், அதன்பின் அந்த நுனியிலிருந்து எழும் தண்டு, இலை, கிளை அனைத்திலும் அப்பிழை தொடரும்.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஹான்லன், சாரா ஆட்டோ, சாலி ஐட்கென் ஆகியோரின் ஆய்வு இதைத்தான் தேடியது. இங்கே இந்தப் பள்ளத்தாக்கில், 220 முதல் 500 ஆண்டு வயதுடைய 20 மரங்களைத் தேர்ந்தெடுத்தனர். சராசரி உயரம் 76 மீட்டர். மரமேறப் பயின்றோர் கயிறுகளைக் கட்டி உச்சிக்கு ஏறி ஊசியிலைகளைக் கொய்து வந்தனர். அடியிலிருந்து பட்டையைச் சுரண்டி எடுத்தனர். ஒரே மரத்தின் அடியையும் நுனியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, அவர்கள் கணித்த விகிதம் இது: ஒரு மரத்தின் வாழ்நாளில் பத்துக் கோடி எழுத்துகளுக்கு 2.7 மாற்றங்கள். இதனை 2,000 கோடிக்குப் பெருக்கினால் ஐந்நூற்றைத் தாண்டுகிறது. மனிதரில் ஒரு தலைமுறைக்குள் நேரும் மாற்றம் இதில் பாதிக்கும் குறைவு. ஆனால் மரத்தின் 'தலைமுறை' என்பது சில நூற்றாண்டுகள். மனிதனுடையது முப்பது ஆண்டுகள் அளவே. ஆண்டுக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் மரம் நம்மைவிட மிகக் கவனமான ஏடெழுதுவோன் என்பது விளங்கும்.

இதையும்விடக் குறைவான எண்ணிக்கையும் வேறோரிடத்தில் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக வளாகத்தில் 'நெப்போலியன் ஓக்' என்றொரு மரம். 1800இல் நெப்போலியனின் படை இத்தாலி நோக்கிச் சென்றபோது, 22 வயது இளமரமாக அவ்வழியில் நின்றது. 234 வயதை எட்டியபின் அதன் கீழ்க்கிளை ஒன்றிலும் மேற்கிளை ஒன்றிலும் இலைகளைப் பறித்து ஒப்பிட்டனர். 2017இல் வெளியான முடிவின்படி, உறுதி செய்யப்பட்ட எழுத்து மாற்றங்கள் வெறும் 17. அத்தனை காலம் வெயிலில் நின்ற மரத்தில் இவ்வளவுதானா என்று அறிஞர்களே வியந்தனர். அதற்கொரு விளக்கமும் உண்டு. நுனி வளரும்போதே பக்கக் கிளைக்குரிய செல்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுகிறது மரம். ஒதுக்கப்பட்டவை அதிகம் பிரிவதில்லை. படியெடுப்பது குறைந்தால் பிழையும் குறையும். விதைநெல்லைத் தனிக்குதிரில் வைக்கும் உழவனின் முறை இது.

ஆனால் பிரிவது மட்டுமே காரணமன்று என்பதும் தெரியவந்துள்ளது. இந்தோனேசியாவின் போர்னியோ காடுகளில், விரைந்து வளரும் ஒருவகை மரத்தையும் மெல்ல வளரும் அதன் இனத்து மரத்தையும் ஜப்பானிய அறிஞர்கள் ஒப்பிட்டு 2023இல் எழுதினர். மெல்ல வளர்ந்ததில் மீட்டருக்கு மீட்டர் மாற்றங்கள் அதிகம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பார்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம். எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட எத்தனை காலம் இருந்தது என்பதே கணக்கு.

"பிழை என்றால் மரத்திற்குக் கேடுதானே?" என்று என் துணைவியார் கேட்டார். பெரும்பாலானவை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. சில கெடுதி. எப்போதேனும் ஒன்று பயன் தரும். ஆஸ்திரேலியாவில் யோவால் என்ற ஊரருகே ஒரு யூகலிப்டஸ் மரம். கிறிஸ்துமஸ் வண்டு என்று அவர்கள் அழைக்கும் பூச்சிகள் மொய்த்து அந்த மரத்தின் இலைகளைத் தின்று தீர்த்தன. ஒரேயொரு கிளையை மட்டும் தொடவில்லை. அக்கிளையின் இலையிலுள்ள எண்ணெய்ப் பொருள்களின் சேர்க்கை வேறாக இருந்ததை 1990இல் அறிஞர்கள் எழுதினர். ஒரே அடிமரம், ஒரு கிளைக்கு மட்டும் தனித் தற்காப்பு!

சிட்கா ஸ்ப்ரூஸ் இனத்திலேயே புகழ்பெற்ற சடுதிமாற்றம் ஒன்றுண்டு. இங்கிருந்து வடக்கே, ஹைடா க்வாய் தீவுகளில், யாகூன் ஆற்றங்கரையில் பொன்னிற ஊசியிலைகளோடு ஒரு மரம் நின்றது. பச்சையம் வெயிலில் நிலைக்காத குறை அதற்கு. அந்தக் குறையோடு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 50 மீட்டர் வரை உயர்ந்தது. இது ஒரு கிளையில் தோன்றிய மாற்றமன்று. மரம் முழுவதுமே பொன்தான். ஹைடா மக்கள் அதனைக் 'கீட்கியாஸ்' என்று பெயரிட்டு, தம் முன்னோர் கதைகளில் ஒரு சிறுவனாகவே போற்றினர். 1997 ஜனவரியில் ஒரு மனிதன், மரவெட்டு நிறுவனங்கள்மேல் கொண்ட சினத்தைக் காட்டுவதாகச் சொல்லி, இரவில் ஆற்றை நீந்திக் கடந்து சென்று அதனை அறுத்துவிட்டான். ஓரிரு நாளில் காற்றில் சாய்ந்தது. நிறுவனங்கள்மேல் சினம் கொண்டவன் இந்த மரத்தை அறுப்பானேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த கிளைகளிலிருந்து ஒட்டுக் கன்றுகள் பல்கலைக்கழகத் தோட்டத்தில் இருந்தமையால் அந்தப் பொன்னிறம் முற்றிலும் மறையவில்லை. ஆனால் கிளையிலிருந்து எடுத்த ஒட்டு, தான் கிளை என்பதை எளிதில் மறப்பதில்லை. நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டிலேயே படர முயலும்.

இவ்வளவும் சொல்லி வருகையில் பேரன் ஓடிவந்து, "அப்பா, இது என்ன?" என்று எதையோ நீட்டினான். ஸ்ப்ரூஸ் கூம்பு. காகிதம்போல் மெல்லிய செதில்கள் அடுக்கிய, விரல் நீளமுள்ள கூம்பு.

என் பாடத்தின் முதன்மையான பகுதி அவன் கையில் இருந்தது. விதை தரும் கூம்புகள் இம்மரத்தில் பெரும்பாலும் உச்சிக் கிளைகளில்தான் காய்க்கின்றன. நூற்றாண்டுகள் வழி நடந்து, வழியிலெல்லாம் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு வந்த அதே நுனிதான் ஒருநாள் கூம்பையும் ஈனுகிறது. எனவே கிளைக்கு நேர்ந்தது விதைக்கும் செல்ல வழியுண்டு. பிரான்சில் போர்தோ நகரருகே நூறாண்டு ஓக் மரமொன்றின் கிளையில் கண்ட மாற்றங்களில் சில, அதன் கொட்டைகளிலும் இருந்ததை 2018இல் மெய்ப்பித்தனர்.

விலங்கினத்தில் இவ்வாறு இல்லை. அடுத்த தலைமுறைக்குரிய செல்களை உடல், கருவிலேயே தனியே பிரித்து வைத்துவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன் 1892இல் எழுதிய நூலில் இதனை வலியுறுத்தினார். வெயிலில் உழைத்து என் தோலின் செல்லில் ஆயிரம் மாற்றங்கள் நேர்ந்தாலும் அவை என் பிள்ளைக்குச் செல்லா. ஆனால் பிரித்து வைத்த அந்தச் செல்களிலேயே பிழை நேரலாம். பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்குமுன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்தணுவிற்குரிய மூலச் செல்களோ முதுமைவரை பிரிந்துகொண்டே, படியெடுத்துக்கொண்டே இருக்கின்றன. மரத்தின் நுனியைப் போல. தந்தையின் வயது ஏறஏறப் புதிய பிழைகளும் ஏறும்.

இதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறியதை மகன் கவனித்திருப்பான்.

என் பேரன் அகாண்ட்ரோபிளேசியா என்ற நிலையோடு பிறந்தவன். கைகால் எலும்புகள் நீண்டு வளரா; அறிவிற்கும் சுறுசுறுப்பிற்கும் குறைவில்லை. அவன் பிறந்த செய்தி ஊருக்கு வந்த நாளில், அதிர்ச்சியில் நான் தொலைபேசியில் சொன்னேன்: "எங்கள் வழியில் ஏழு தலைமுறைக்கும் இப்படி ஒருவரும் இல்லை. பெண்வீட்டு வழியைச் சரியாக விசாரிக்காமல் விட்டோம்." மகன் தொலைபேசியை எல்லோரும் கேட்கும்படி வைத்திருந்தான். பிரசவித்து இரண்டு நாளான பெண் அதனைக் கேட்டாள்.

நான் படிக்காதவன் என்றால் மன்னிக்கலாம். மரபியலைக் கரும்பலகையில் எழுதி எழுதிக் கற்பித்தவன். இந்நிலைக்குக் காரணமான மரபணு 1994இல் கண்டறியப்பட்டது. அந்த ஏட்டில் ஒரேயோர் எழுத்து மாறுவதே போதும். இந்நிலையோடு பிறப்போரில் பத்தில் எட்டுப் பேர், இயல்பான உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள்; எந்த வழியிலும் இல்லாமல் புதிதாகத் தோன்றியது. அவ்வாறு புதிதாகத் தோன்றும்போது அது ஏறக்குறைய எப்போதும் தந்தையின் செல்லில்தான் நேர்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் கண்டனர். என் மகன் வேலை, மேற்படிப்பு என்று காலம் தாழ்த்தி மணந்தவன். குழந்தை பிறந்தபோது அவனுக்கு வயது 44. யார் வழி, யார் வழி என்று நான் தேடியது என் வழியிலேயே தொடங்கியிருக்கிறது. அதிலும் என் மகன் செய்த தவறு எதுவுமில்லை. கோடிக்கணக்கான எழுத்துகளைப் படியெடுக்கும் பணியில் நேர்ந்த ஒரு சறுக்கல். ஒவ்வொரு குழந்தையும், இதை எழுதும் நானும் படிக்கும் நீங்களும், பெற்றோர் இருவரிடமும் இல்லாத அறுபது எழுபது புதிய மாற்றங்களோடுதான் பிறந்திருக்கிறோம். அவை எந்த இடத்தில் விழுகின்றன என்பதே வேறுபாடு.

தலசீமியா போன்ற நோய்கள் வேறு வகை. அவை தாய்வழியிலும் தந்தைவழியிலும் மறைந்து வந்து, இரண்டும் சேரும்போது வெளிப்படுபவை. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்கள் முன்கூட்டியே இரத்தச் சோதனை செய்துகொள்வது அறிவுடைமை. அங்கும் இரு பக்கமும் சமபங்கு. ஆயினும் நம் வீடுகளில் விசாரணை என்னவோ பெண்வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

திரும்பும் வழியில் ஒரு வீழ்ந்த மரத்தைக் கண்டோம். ஆள் உயரத்திற்குப் பருத்த தண்டு, பாசியில் மூழ்கிக் கிடந்தது. அதன் முதுகு நெடுகச் சிறு ஸ்ப்ரூஸ் கன்றுகளும் ஹெம்லாக் கன்றுகளும் முளைத்து நின்றன. காட்டுத்தரையின் பாசியிலும் நிழலிலும் பிழைக்க முடியாத விதைகளுக்கு இத்தகைய மரமே தொட்டில். செவிலி மரம் என்று இதற்குப் பெயர். பேரன் அதனருகே நின்று கூம்பைத் தட்டித் தட்டிப் பார்த்தான். விதைகள் முன்பே பறந்துவிட்டிருந்தன. மகனும் என் துணைவியாரும் அவனை அழைத்துக்கொண்டு முன்னே நடக்க, மருமகளும் நானும் பின்தங்கினோம்.

"மகளே, அன்று நான் சொன்னது பிழை" என்றேன்.

"என்று, மாமா?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. நானே அதை வாயால் சொல்ல வேண்டும் என்று கருதியிருக்கலாம். சொன்னேன். எந்த நாள், எந்தச் சொல், அதில் எது பொய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மருத்துவர் கொடுத்த அறிக்கை அப்போதே எனக்கு அனுப்பப்பட்டிருந்ததையும், அதைப் படித்துவிட்டும் நான்கு ஆண்டுகள் வாய்மூடி இருந்ததையும் சொன்னேன்.

அவள் சிறிது தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "அவனும் ஒருநாள் கேட்பான், மாமா. அவனுக்கு மணமாகும் காலத்தில் இன்னும் விவரமாகக் கேட்பான். அவன் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் இன்று சொன்னதுபோல நீங்களே அவனுக்குச் சொல்லித் தாருங்கள். நீங்கள் ஆசிரியர்" என்றாள்.

"அதுவரை நான் இருக்க வேண்டுமே."

"எழுதியாவது வையுங்கள்."

மேட்டை ஏறுவது இறங்கியதைப்போல எளிதாக இல்லை. பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. மருமகள் கைப்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள். "கொஞ்ச நேரம் உட்காருங்கள், மாமா. அவர்கள் காத்திருப்பார்கள்" என்றாள். மேலிருந்து பேரனின் குரல், "அப்பா வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.